முகம் இல்லாத வீடியோ

ஹசீனாவின் தோளில் கேமரா ஏறியது ஒரு கல்யாண வீட்டு வாசலில். பாப்பிரெட்டிப்பட்டியில் நடந்த நிக்காஹ் அது. ஆண்கள் பக்கத்தை அவள் அண்ணன் நசீருதீன் எடுத்து முடித்துவிட்டான். மணப்பெண் இருந்த கூடத்துக்குள் அந்நிய ஆண் நுழைய முடியாது. பெண்ணின் தாயோ, "என் மவ மூஞ்சி இல்லாம என்னா கல்யாண வீடியோ?" என்று வாசலிலேயே நின்றுகொண்டார். நசீருதீன் வேறு வழியில்லாமல், விருந்துக்கு வந்திருந்த தங்கையைக் கூப்பிட்டு, திரைக்கு வெளியே நின்றபடி கேமராவை நீட்டினான்.

"இந்தச் செவப்புப் பித்தானை அமுக்கு. ஆடாம நில்லு. ஒருத்தர் மூஞ்சியும் விட்டுடாத."

பத்தாவது முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த பெண், அன்று ஒருத்தர் முகத்தையும் விடவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எடுத்தாள். பிரியாணி அண்டாவைக் கிளறிய பெண்ணை எடுத்தாள். முகம் சுளித்த நாத்தனாரைக் கூட, அவர் சிரிக்கும் வரை எதிரிலேயே நின்று எடுத்தாள். கேசட்டைப் பார்த்த பெண் வீட்டார் ஆண்கள் பக்கத்தை ஓட்டிவிட்டு அவள் எடுத்ததையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு தர்மபுரி சுற்றுவட்டாரத்தில் பெண்கள் பக்கம் என்றால் ஹசீனாதான். இந்து வீடுகளிலும் கிறிஸ்தவ வீடுகளிலும் கூட, பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் அறைக்கு அவளைத்தான் கேட்டார்கள். ஐந்து வருடத்தில் அவளுக்கென்று ஒரு தொழில்முறை வந்துவிட்டது. ஒரு முகமும் விட்டுப்போகக் கூடாது; விட்டுப்போனால் அந்த உறவு அறுந்துபோகும் அளவுக்குச் சண்டை வரும். ஆயிரம் வாட்ஸ் விளக்கை எல்லார் மேலும் நன்றாக அடிக்க வேண்டும். கடைசியில் பாட்டுப் போட வேண்டும். கல்யாண வீட்டில் கேமரா பிடிக்கிற சத்தம் என்ன? பாத்திரம் உருளும், குழந்தை அழும், யாராவது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். அதை யார் கேட்பது? மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக்கில் ஒரு பித்தான் இருந்தது. அதை அமுக்கினால் படம் அப்படியே இருக்கும். பழைய சத்தம் மட்டும் அழிந்து, அந்த இடத்தில் புதுச் சத்தம் ஏறும். ஹசீனா ஒவ்வொரு கேசட்டிலும் முதலிலிருந்து முடிவு வரை பாட்டை ஏற்றிவிடுவாள்.

இந்தத் தொழில்முறைதான் 1988-ல் அவள் காலை வாரியது.

அந்த வருடம் மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள், கடத்தூருக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ராஜமேரி டீச்சர் நசீருதீனின் வீடியோ கடைக்கு வந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி அது. டீச்சருக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"பாய் இல்லீங்களா?"

"அண்ணன் ஒகேனக்கல் போயிருக்காருங்க. ஒரு குடும்பம் பரிசல்ல போறத எடுக்கணும்னு கூப்பிட்டாங்க. நீங்க சொல்லுங்க, என்னா விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணும் இல்லீங்க. எங்க ஸ்கூல்ல இருக்கிற கம்ப்யூட்டரை வீடியோ எடுக்கணும்."

"கம்ப்யூட்டருக்குக் கல்யாணமா?"

டீச்சர் சிரித்துவிட்டார். "கல்யாணம் பண்ணாமலே வேற வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகப் பாக்கறாங்க. அதைத்தான் தடுக்கணும்."

விஷயம் இதுதான். பள்ளிக்கு இரண்டு வருடம் முன்பு ஒரே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ராஜமேரி டீச்சர் சேலத்தில் பயிற்சி எடுத்துவந்து பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போது சேலத்தில் இருக்கும் நிர்வாகக் குழு, "பொம்பளப் பிள்ளைங்க அதை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறாங்க? டவுன்ல பையன்கள் பள்ளிக்குக் கொடுத்துடலாம்" என்று பேச ஆரம்பித்திருந்தது. தலைமை ஆசிரியை சிஸ்டர் மறுத்து எழுதியதற்கு, பெண்கள் செய்திருப்பதை வீடியோவில் காட்டுங்கள், அடுத்த கூட்டத்தில் பார்த்து முடிவெடுக்கிறோம் என்று பதில் வந்துவிட்டது.

"திரையில வர்ற எழுத்து தெரியணும். எங்க பொண்ணு பேசறது கேக்கணும். எழுத்தெல்லாம் இங்கிலீஷ்ல வரும், அவ தமிழ்ல விளக்குவா. குரல் இல்லேன்னா ஒண்ணும் புரியாது."

"அவ்ளோதானுங்களே டீச்சர்? என் பொறுப்பு," என்றாள் ஹசீனா.

அதுவரை அவள் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை.

சனிக்கிழமை கேமராவோடும் விளக்கோடும் போனாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். மேஜையில் டைப்ரைட்டர் போலக் கட்டைகள் வைத்த ஒரு பெட்டி. அதன் மேல் ஒரு சின்ன டிவி. பாக்கியமேரி என்ற பத்தாவது படிக்கும் பெண் அதன் முன் உட்கார்ந்திருந்தாள். தர்மபுரியின் மழைக் கணக்கை வைத்து அவளும் தோழிகளும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார்கள். மாதத்தின் பெயரைத் தட்டினால் அந்த மாதத்து மழை அளவு ஒரு கம்பம் போல எழும்பி நிற்கும். ஹசீனாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. பிடித்ததாலேயே எல்லாவற்றையும் கூடுதலாகச் செய்தாள்.

கேசட்டைச் சிஸ்டரின் அறையில், பதிய முடியாத, ஓட்டிப் பார்க்க மட்டும் உதவும் பிளேயரில் போட்டுப் பார்த்தார்கள். பிறகு சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, இதுல கம்ப்யூட்டர் எங்க?"

திரை இருக்க வேண்டிய இடத்தில் விளக்கின் வெள்ளை வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவே தோளில் கேமராவோடு ஹசீனாவே நிழலாக நின்றாள். எழுத்து தெரிந்த ஓரிரு இடத்திலும் ஒரு கறுப்புப் பட்டை கீழிருந்து மேலாக மெல்ல ஊர்ந்து போனது. அதுவும் கொஞ்ச நேரம்தான். கேமரா திரும்பிவிடும், சிஸ்டரின் முகம், டீச்சரின் முகம், வரிசையாகப் பிள்ளைகளின் முகம், ஜன்னலில் எட்டிப் பார்த்த சமையல்கார முனியம்மாளின் முகம். எல்லாவற்றுக்கும் மேலே கிடார் இசை இனிமையாகப் போய்க்கொண்டிருந்தது.

"பாக்கியமேரி பேசினது?" என்று ராஜமேரி டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"அது மேல மியூசிக் போட்டுட்டேனுங்க."

"அடியில இருக்குமில்ல?"

"இருக்காதுங்க. அழிஞ்சிடும்."

சிஸ்டர் எழுந்து டிவியை அணைத்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. சேலத்துல பாத்தாங்கன்னா மொய் எழுதுவாங்க."

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். ஹசீனாவுக்குக் காது மட்டும் சுட்டது. அவள் கேசட்டை வெளியே எடுத்துப் பையில் போட்டாள்.

"இன்னொரு தடவை எடுக்கறேன் சிஸ்டர். இந்தத் தடவை யாரு மூஞ்சியும் இருக்காது. எழுத்து இருக்கும், குரல் இருக்கும்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சேலத்துக்கு பஸ் ஏறணும். அதுக்கு மேல நேரம் இல்ல."

"அதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கும்."

நசீருதீன் கடையில் அந்தக் கேசட்டைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பொண்ணு மூஞ்சியில அடிக்கிற லைட்ட டிவி மூஞ்சியில அடிச்சிருக்கியே. அது தானே வெளிச்சம் குடுக்கற சாமான். வெளக்குக்கு வெளக்குப் புடிக்கிற ஆளு நீ."

"சிரிச்சது போதும். கடை டிவியை நாளைக்கு எனக்குக் குடுத்துடு."

மறுநாள் காலை முழுதும் அவள் கடை டிவியில் ஒரு சினிமா கேசட்டின் எழுத்துப் போடும் இடத்தை ஓட்டி, அதை எடுத்துப் பழகிப் பார்த்தாள். விளக்கை அணைத்தாள், ஜன்னலுக்குப் போர்வை கட்டினாள். கேமராவைத் தோளிலிருந்து இறக்கி, திரைக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் மேஜை மேல் வைத்தாள். இருந்தும் டிவி கண்ணாடியில் அவள் பிம்பம் தெரிந்தது. கொடியில் கிடந்த தன் கறுப்பு புர்காவை எடுத்து, தன்னையும் கேமராவையும் சேர்த்து மூடிக்கொண்டு, லென்ஸ் மட்டும் வெளியே தெரியும்படி உட்கார்ந்தாள். பிம்பம் போய்விட்டது. ஆனால் அந்தக் கறுப்புப் பட்டை மட்டும் போகவில்லை. எழுத்தின் ஓரங்களும் ஈரத் தாளில் எழுதியது போலக் கசிந்தே இருந்தன.

அந்தக் கேசட்டோடு திரும்பவும் கடத்தூர் பஸ் ஏறினாள். ராஜமேரி டீச்சர் பார்த்துவிட்டு, "முன்னைக்கு எவ்வளவோ மேல்," என்றார். "ஆனா இந்தப் பட்டை ஏன் வருது?"

"டிவி படத்தைக் கோடு கோடா வரைஞ்சுக்கிட்டே இருக்குங்க. கேமராவும் கோடு கோடாத்தான் பாக்குது. ரெண்டும் ஒரே தாளத்துல போகல. எங்க பிசகுதோ அங்க பட்டை."

"அப்ப கேமரா வச்சா பட்டை வந்தே தீருமா?"

"கொஞ்சமாவது வரும்போல."

டீச்சர் மேஜைக்குப் பின்னால் குனிந்து ஒரு வயரைப் பிடித்து இழுத்துக் காட்டினார். "படமெல்லாம் இந்த வயர்லதான் கம்ப்யூட்டர்லருந்து டிவிக்குப் போகுது. டிவியில ஆண்டெனா ஓட்டையில சொருகியிருக்கோம். டிவி இது ஏதோ ஸ்டேஷன்னு நெனச்சுக்குது."

ஹசீனா அந்த ஓட்டையைப் பார்த்தபடி நின்றாள். கடை டெக்கின் பின்னாலும் அதே ஓட்டை உண்டு.

"டீச்சர், ஞாயித்துக்கிழமை டிவியில படம் போடறாங்களே, அதை நான் டெக்ல பதிவேன். அதுக்கு கேமராவா வைக்கறேன்?"

டீச்சர் வயரைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டீச்சர் சொன்னார்: "டிவிக்குப் பதிலா உங்க டெக்ல சொருகிட்டா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

கம்ப்யூட்டர் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சிஸ்டரின் கண்டிப்பு. அதனால் வெள்ளிக்கிழமை காலை டெக்தான் பஸ் ஏறியது. மெத்தையுறையில் சுற்றி, கைக்குழந்தையை வைத்துக்கொள்வது போல ஹசீனா மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பள்ளம் வந்தபோதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் வயரை டெக்கில் சொருகி, டெக்கை டிவியோடு இணைத்தார்கள். டெக்கில் ஸ்டேஷன் பிடிக்கும் சின்னச் சக்கரத்தை ஹசீனா நகத்தால் மெல்லத் திருப்பினாள். பொரி பொரியாகப் புள்ளி, இன்னும் பொரி, சட்டென்று கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்து நின்றது. பட்டை இல்லை, பிம்பம் இல்லை, கசிவு இல்லை. கரும்பலகையில் கூர் சீவிய சுண்ணக்கட்டியால் எழுதியதுபோல ஓரம் கூர்மையாக இருந்தது.

"கேமராவைக் கொண்டாந்திருக்கவே வேணாம்," என்றாள் ஹசீனா.

முதலில் படத்தை மட்டும் பதிவது, பிறகு அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டே குரலை ஏற்றுவது என்று முடிவு செய்தார்கள். கம்ப்யூட்டரிலிருந்து வயரில் படம்தான் வருகிறது, சத்தம் வரவில்லை. அது ஹசீனாவுக்குக் கவலையாக இல்லை. சத்தம் ஏற்றும் பித்தான்தான் இருக்கிறதே.

பாக்கியமேரி மாதங்களைத் தட்ட ஆரம்பித்தாள். ஜூன் எழும்பியது. ஜூலை எழும்பியது. ஆகஸ்டு எழும்பும்போது படம் நான்கு பக்கமும் உள்ளே சுருங்கி, துடித்து, எழுத்தெல்லாம் நெளிந்தது. ஜன்னலுக்கு வெளியே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"த்ரீ ஃபேஸ் வந்துடுச்சு," என்றார் டீச்சர். கிணற்று மோட்டார்களுக்கு என்று தனியாக விடும் மின்சாரம் அது. வந்ததும் எல்லாருடைய மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும்; வோல்டேஜ் பாதாளத்துக்குப் போய்விடும். அந்த வாரம் பகல் முறை. சாயங்காலம் வரை ஓடும். சாயங்காலமோ சிஸ்டருக்கு பஸ்.

சுவரை ஒட்டிய தக்காளிக் காடு பெரியநாயகத்துடையது. அவர்தான் பாக்கியமேரியின் அப்பா. வாய்க்காலில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். ஹசீனாவும் டீச்சரும் சுவர் ஓரம் போய் நின்றார்கள்.

"ஐயா, மோட்டாரைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுங்களா?" என்றாள் ஹசீனா.

"இப்பத்தான பாப்பா கரண்டே வந்துது. தக்காளி வாடிக் கெடக்குது. மோட்டார் மேல உனக்கு என்னா கோவம்?"

"படம் சுருங்குதுங்க."

"எங் கெணத்துல தண்ணி ஏறுனா உம் படம் சுருங்குதா? இது என்னா கூத்து."

"அந்தக் கம்ப்யூட்டர் இங்கயே இருக்கறதும் போறதும் இந்தப் படத்துலதான் இருக்குங்க," என்றார் டீச்சர். "உங்க பாக்கியமேரிதான் அதுல பேசப் போறா."

"பேசறதுக்கு அவளுக்குச் சொல்லியா தரணும்." பெரியநாயகம் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். தக்காளியைப் பார்த்தார், பள்ளிக்கூட ஜன்னலைப் பார்த்தார். பிறகு போய் மோட்டாரை நிறுத்தினார். அது நின்றதும் தூரத்தில் இன்னொரு மோட்டார் சத்தம் கேட்டது. அவர் வரப்பில் ஏறிக் கையை வாயில் குவித்தார்.

"மாது! டேய் மாது! மோட்டாரை அமுத்துடா!"

"எதுக்கு?" என்று அடுத்த காட்டிலிருந்து குரல் வந்தது.

"எம் பொண்ணு பேசப் போவுது!"

"அவ பேசறதுக்கு எம் மோட்டார் எதுக்குடா நிக்கணும்?"

"நின்னாத்தான் கேக்குமாம்! அமுத்துடா, அப்புறம் சொல்றேன்!"

அந்த லைனில் மூன்றாவதாக ஒரு மோட்டார் இருந்தது. அதன் சொந்தக்காரர் சவுரியப்பனைத் தேடிக்கொண்டு பெரியநாயகமே நடந்தார். கடைசி மோட்டாரும் நின்றபோது அறைக்குள் இருந்த டிவியின் படம் மெல்ல விரிந்து பழைய அளவுக்கு வந்தது.

"சீக்கிரம்," என்றார் டீச்சர்.

படத்தை மறுபடி முதலிலிருந்து பதிந்தார்கள். பன்னிரண்டு மாதமும் பிசகில்லாமல் எழும்பி நின்றன. அடுத்தது குரல். ஹசீனா மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் மெத்தையுறையைத் திணித்தாள். மைக்கைப் பாக்கியமேரியின் வாய்க்கு நேராக வைக்காமல், மூச்சுக் காற்று அதில் மோதாதபடி ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்தாள். பாக்கியமேரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவையோர்க்கு வணக்கம்!" என்று முழங்கினாள்.

ஹசீனா டெக்கை நிறுத்தினாள். "ஏங் கண்ணு, இது பேச்சுப் போட்டியா? மைக்கு பக்கத்துலதான் இருக்குது. நீ கத்துனா கரகரன்னுதான் பதியும். உங்கப்பாகிட்ட காட்டுல நின்னு மழையப் பத்திச் சொல்ற மாதிரி சொல்லு."

"அவருகிட்ட சொன்னா குறுக்க பேசுவாருக்கா."

"இன்னிக்கு மோட்டாரையே நிறுத்திட்டாரு. குறுக்க பேசமாட்டாரு, சொல்லு."

பாக்கியமேரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து போவதற்குள் ஹசீனா பித்தானை அமுக்கினாள். போன சனிக்கிழமை இந்தக் குரலை அழித்த அதே பித்தான். இப்போது அந்தக் குரலே அதன் வழியாக ஏறிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் எவ்வளவு, ஏன் குறைவு, அதைக் கம்ப்யூட்டருக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தோம், கம்பத்தின் உயரத்தை எந்தக் கணக்கில் வைத்தோம் என்று, தோழியிடம் வழி சொல்வது போல அவள் சொல்லிக்கொண்டே போனாள். அடுத்த மாதம் எழும்பும் வரை இடையில் சில நொடி மௌனம் வந்தது. அங்கே ஒரு துளி இசை போட்டால் எப்படி இருக்கும் என்று ஹசீனாவின் கை பரபரத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

சிஸ்டர் பையோடு வந்து நின்றபடியே கேசட்டைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிச்சத்தைப் பார்த்தார். முடிந்ததும் கேசட்டைத் தானே எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டார்.

"இதுக்கு நானே மொய் எழுதுவேம்மா," என்றார்.

மறு வாரம் ராஜமேரி டீச்சர் குடையை மடக்கக்கூட மறந்து கடைக்குள் வந்தார். சேலத்தில் இரண்டு தடவை போட்டுப் பார்த்தார்களாம். குழுவில் ஒருவர், திரையில் கொஞ்சம்கூட வெளிச்சம் அடிக்காமல் எடுத்திருக்கிறாரே, அந்த கேமராக்காரர் யார் என்று கேட்டாராம். கேமராவே இல்லை என்று சிஸ்டர் சொன்னதும் அந்தப் பேச்சே கொஞ்ச நேரம் ஓடியதாம்.

"முடிவு என்னா டீச்சர்? அதைச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டர் எங்கயும் போகல. பையன்கள் பள்ளிக்கு இந்தக் கேசட்டுல ஒரு காப்பி அனுப்பச் சொல்லியிருக்காங்க, பாத்துக் கத்துக்கட்டும்னு."

நசீருதீன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "எந்தங்கச்சி எடுத்ததாச்சே," என்றான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அவனுக்கு மறந்துவிட்டது. ஹசீனாவுக்கு மறக்கவில்லை, ஆனால் அன்று விட்டுவிட்டாள்.

சந்தை நாளன்று பெரியநாயகம் தக்காளிக் கூடையை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். "மோட்டாரை நிறுத்துனேனே, அதுக்கு அந்தப் படத்தைக் காட்டு பாப்பா," என்றார். காப்பி எடுக்கக் கடைக்கு வந்திருந்த கேசட்டைப் போட்டு, ஹசீனா ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள். அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு பார்த்தார். ஜூன் வந்தது. ஜூலை வந்தது. அவர் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்க்காத குறைதான்.

"எம் பொண்ணு எங்க? மூஞ்சியே காணமே?"

"மூஞ்சி கெடையாதுங்க. குரல் மட்டும்தான். கேளுங்க."

அவர் கேட்டார். ஆகஸ்டு, செப்டம்பர் என்று குரல் போய்க்கொண்டிருந்தது. அது எங்கும் தடுமாறவில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை. அக்டோபர் கம்பம் எழும்பி நின்றதும் பெரியநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நிறுத்து, நிறுத்து. அந்த அக்டோபர் இன்னும் மேல போவணும். அந்த மழையில எங் கெணறு வழிஞ்சுது. யாரு குடுத்த கணக்கு இது?"

"தாலுகா ஆபீசுல வாங்குனதுன்னு டீச்சர் சொன்னாங்க. சேலத்துல எல்லாரும் பாத்தாச்சேங்க."

"பாக்கட்டும். அவங்க கெணறா வழிஞ்சுது?" அவர் எழுந்தார். "மெஷின் இங்கயேதான இருக்கப் போவுது? வூட்டுக்குப் போனதும் அவகிட்டச் சொல்லி திருத்தச் சொல்றேன். திருத்துனப்புறம் நீ டெக்க எடுத்துக்கிட்டு வா. மாதுகிட்டயும் சவுரியப்பன்கிட்டயும் சொல்லி மோட்டாரை அமுத்தறத நான் பாத்துக்கறேன்."